டாங்கி மூடியின் திருகு

பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் வரிசை வீடுகளுக்கு மாதம் ஒருமுறை புல் வெட்ட ஆட்கள் வருவார்கள். போன வாரம் வந்தபோது நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் தோளில் மாட்டியிருந்த இயந்திரத்தின் கயிற்றைச் சுண்டி இழுத்தார். பெட்ரோலில் எண்ணெய் கலந்து எரிகிற நீலப் புகை வேலியைத் தாண்டி வந்தது. பாதித் துணியை வாளியிலேயே விட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். இந்த வயதில் ஒரு புகையோடு கோபித்துக்கொள்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அது என் முன்னாள் கணவனின் வாசனை. சேர்ந்திருந்தபோது 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது வாயில் 'அவன்' என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். அவனுக்கு பங்சாரில் ஆபீஸ். எனக்கு போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா வேலை. மீன் பிடிக்கப் போகிறேன் என்று போர்ட் கிள்ளானில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினான். அதன் எஞ்சினுக்கு எங்கள் இருவரைவிட வயது கூட இருக்கும்; இதே நீலப் புகையைத்தான் கக்கும். ஞாயிறுதோறும் நானும் போகவேண்டும். தண்ணீர் அள்ளிக் கொட்ட ஓர் ஆள் வேண்டுமே.

படகு சரியாகப் பத்து நிமிடம் ஓடும். பிறகு இருமும், நின்றுவிடும். அவன் எஞ்சின் மூடியைக் கழற்றி, பிளக்கைத் துடைத்து, விற்றவனின் பரம்பரையையே திட்டுவான். டாங்கியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து மூடுவான். கயிற்றை இழுத்தால் ஓடும். "பார்த்தியா? பிளக்குதான்" என்பான். மறுபடியும் பத்து நிமிடம்.

இரண்டாவது வாரம் நான், "ஒருவேள டாங்கியில..." என்று ஆரம்பித்தேன்.

"நீ வாய மூடு. இது என்ன உன் ஆபீஸ் டைப்ரைட்டரா?"

மூடிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை. பெட்ரோல் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. எஞ்சின் நிற்கும்போதெல்லாம் அது சப்பிப்போய்க் கிடக்கும். அவன் டாங்கியைத் திறந்ததும் உப்பிக்கொள்ளும். ஒருநாள் காலையில் தேநீருக்கு டின் பாலில் ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். பால் இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் இறங்கியது. டின்னைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். டாங்கி மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் திருகு இருக்கிறது. டாங்கியைக் காரில் ஏற்றிக் கொண்டுவரும்போது பெட்ரோல் நாறக்கூடாது என்று அவன் அதை இறுக்கிவிடுவான். படகில் ஏறியபின் தளர்த்துவதே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் சொல்லவில்லை. ஆறு வாரம் சொல்லவில்லை. அவன் வியர்த்து, விரலைக் கிழித்துக்கொண்டு, கத்துவதை எதிரே உட்கார்ந்து பார்த்தேன். என் கல்யாணத்தில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த ஞாயிறுகள் அவைதான்.

அதற்கடுத்த ஞாயிறு கப்பல் போகும் பாதையின் நடுவில் எஞ்சின் நின்றது. தூரத்தில் ஒரு கொள்கலன் கப்பல் திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. அந்த மாதிரிக் கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்று ஆபீஸில் கேட்டிருக்கிறேன். பதற்றத்தில் அவன் டாங்கியைத் திறக்கவே இல்லை. கயிற்றையே இழுத்துக்கொண்டிருந்தான்.

"நகருங்க" என்றேன்.

திருகைத் தளர்த்தினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. குமிழைக் கெட்டியாகும்வரை அழுத்தி, கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஆனால் சுக்கானை எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நேராகக் கப்பலை நோக்கித் திருப்பினேன்.

"அந்தப் பக்கம் தள்ளு! அந்தப் பக்கம்!"

தள்ளினேன். கப்பல் சங்கை ஊதிக்கொண்டு கடந்தது. அதன் அலை எங்களைத் தலைமுதல் கால்வரை நனைத்தது.

முகத்தில் வழிந்த உப்புத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவன் கேட்டான். "எப்பலேருந்து தெரியும்?"

"ஆறு வாரமா."

"செத்திருப்போம்லா. சொல்றதுக்கு என்ன?"

"நீங்கதான வாய மூடச் சொன்னீங்க."

அவன் சொன்னது சரிதான். செத்திருப்போம். அன்று அவனிடம் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அதன்பிறகு அவன் படகுப் பக்கமே வரவில்லை. நான் தனியாகப் போனேன். கரையோரமாகவே ஓட்டி, இரண்டு முறை சேற்றில் ஏறி, ஒருமுறை படகுத்துறைத் தூணில் முட்டி, நாலு மாதத்தில் ஒழுங்காக ஓட்டக் கற்றேன். ஒரு ஞாயிறு போனபோது படகு இல்லை. என்னிடம் சொல்லாமல் விற்றிருந்தான். அடுத்த வருஷம் நாங்களும் பிரிந்தோம்.

அந்த மரப் படகுத்துறை இப்போது இல்லை. அங்கே வேலி போட்டு லோரிகள் நிற்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனும் போய்விட்டான். கிள்ளானில் அவன் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அவனுடைய இரண்டாவது மனைவி அழுது வீங்கிய முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க நல்லா போட் ஓட்டுவீங்களாமே. நான்தான் கத்துக்குடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு."

சுருக்கென்று கோபம் வந்தது. அவன் பக்கம் திரும்பினேன். மூக்கில் பஞ்சு வைத்து, மாலை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

"ஆமாம்மா" என்றேன்.