மதுரையில் பார்க்கப் பழகிய ஒரு நாள்

போன செவ்வாய்க்கிழமை நானும் என் கணவர் பாண்டியும் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய்வந்தோம். கோயிலுக்கு இல்லை, ஜவுளி எடுக்கவும் இல்லை. என் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளின் நோட்டைத் திருத்த முடியாமல், வேலையை விட்டுவிடுவதென்றே முடிவு செய்திருந்தேன். இனி மருந்தோ கண்ணாடியோ உதவாது என்ற எங்கள் கண் மருத்துவர்தான், மிச்சமுள்ள பார்வையை வைத்து வாழப் பழக்கும் பிரிவு மதுரைக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

காலை ஆறரை மணி பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரத்தில் ஆரப்பாளையம் பஸ் நிலையம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய்.

"ஆபரேசனாக்கா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே, பாக்கப் பழகிக்க வந்துருக்கேன்."

"பாக்குறதுக்குமா பழகணும்!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என் கணவர் சிரிக்கவில்லை.

பயிற்சி தரும் ஷர்மிளா எழுத்துப் பலகையைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "எதெல்லாம் செய்ய முடியலன்னு சொல்லுங்கக்கா" என்றார். நோட்டு, பஸ் போர்டு, அரிசியில் கல் என்று அடுக்கினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் மெதுவாக, "என் மூஞ்சியவும் சேத்துக்கங்கம்மா" என்றார்.

ஷர்மிளா இவரை என் எதிரில் உட்காரவைத்தார். "நேராப் பாக்காதீங்கக்கா. அண்ணனோட காதைப் பாருங்க."

இடது காதைப் பார்த்தேன், அப்போதும் முகம் தெரியவில்லை. வலது காதுக்குக் கொஞ்சம் மேலே பார்த்ததும் திட்டு விலகியது. கலங்கலாகத்தான், ஆனாலும் மூக்கு, கன்னம், மீசை. மீசையில் பாதி வெள்ளை.

"இது எப்ப நரைச்சுச்சு?"

"ஆச்சு ஒரு வருசம். நீ கேக்கல, நானும் சொல்லல." சிரித்தார். சிரித்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு விளக்கு வைத்த லென்ஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். கொண்டுபோயிருந்த பிள்ளைகளின் நோட்டில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். மெதுவாகத்தான் வருகிறது, தினமும் பழக வேண்டுமாம். பார்வை திரும்பவில்லை. ஆனால் ராஜினாமா எண்ணத்தை அன்றே விட்டுவிட்டேன். ஷர்மிளாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: விசாரிக்கும்போது 'லோ விஷன்', அதாவது குறைபார்வைப் பிரிவு என்றே கேளுங்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்ட நாளில் பார்வை கூசும், லென்ஸ் வைத்துப் பார்ப்பது சிரமம். அதற்கு வேறொரு நாள் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளோடு, நீங்கள் படிக்க விரும்புவதையும் எடுத்துப்போங்கள். முக்கியமாக, துணைக்கு வருபவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிடாதீர்கள். உங்களுக்குச் சொல்லத் தோன்றாததை அவர் சொல்வார்.