நீல டப்பாவுக்குக் கட்டாத சீட்டு

"கை, காலு, தலை எல்லாத்தையும் ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டு போறீங்கல்ல? குடைய மட்டும் ஏன்யா பஸ்ல விட்டுட்டுப் போறீங்க?"

டப்பா அக்காவோட தினசரிப் பாட்டு இது. பஸ் டிப்போவுல, தொலைஞ்ச சாமானக் கேட்டு வர்ற ஜன்னலுக்குப் பின்னாடி பத்தொம்பது வருஷமா உக்காந்து இதையே பாடிட்டிருக்காங்க. பக்கத்து ஜன்னல்ல பஸ் நேரம் சொல்ற பொண்ணு, அக்கா மாதிரியே மூக்கச் சுருக்கி, கழுத்த வெட்டி, "தலை எல்லாத்தையும்..."னு இழுத்தா போதும், டிரைவருங்க டீயத் துப்பிட்டுச் சிரிப்பாங்க. அக்காவும்தான் சிரிப்பாங்க. "நல்லாத்தான்டி பண்ற. ஆனா மூக்க இன்னும் கொஞ்சம் தூக்கணும்."

டப்பா அக்கான்னு பேரு வந்தது அவங்க சேத்து வச்சிருந்த பழைய பவுடர் டப்பாவால. உள்ளங்கைல அடங்கற சைஸு; தெறந்தா மூடில கண்ணாடி, அடில பவுடர், நடுவுல ஒரு பஞ்சு. இரும்புக்கடைல, பழைய சாமான் கடைல, வீடு காலி பண்றவங்க வாசல்லன்னு அலைஞ்சு இருபத்தாறு சேத்தாச்சு. சிப்பி மாதிரி ஒண்ணு, எட்டு மூலை வச்சது ஒண்ணு, பக்கத்துல லிப்ஸ்டிக்குக்குன்னு குட்டி அறை வச்சது ஒண்ணு. கண்ண மூடிட்டு இருந்தாலும் மூடற சத்தத்த வச்சே சொல்லிடுவாங்க. "டிக்குன்னா சிப்பி. ட்டொக்குன்னா எட்டு மூலை. க்ரீச்சுன்னா எண்ணெய் போடணும்."

இப்படிச் சேக்கற மத்தவங்க எல்லாம் கண்ணாடி அலமாரில பூட்டி வச்சுப் பாத்துட்டே இருப்பாங்க. அக்காவுக்கு அது ஆகாது. "பவுடர் டப்பா பூசிக்கறதுக்குடி, பூட்டறதுக்கா?" பவுடரக் குழைச்சு, துணி போத்தி, கரண்டியோட முதுகால அழுத்திக் காயவச்சு, ஒரு நாளைக்கு ஒரு டப்பான்னு எடுத்துப் பூசிட்டு வருவாங்க. கண்ணாடில மட்டும் தண்ணி படவே விடமாட்டாங்க. பட்டா பின்னாடி பூசின ரசம் கறுத்துடும்.

இப்படி இருந்தவங்க கைல ஒரு திங்கக்கிழமை அந்த நீல டப்பா வந்துச்சு. கடைசி சீட்டுக்கு அடில கெடந்துச்சுன்னு கண்டக்டர் நீட்டினாரு. மூடி மேல வெள்ளை வாத்து ஒண்ணு நீந்துது. மூடிப் பாத்தாங்க. "ப்ளிச்!" இருபத்தாறுல ஒண்ணுகூட இப்படிச் சத்தம் போட்டதில்ல.

வர்ற சாமானுக்கெல்லாம் மொதல்ல எங்க, என்னைக்குக் கெடைச்சதுன்னு சீட்டு எழுதிக் கட்டணும், அப்புறம் அலமாரில வைக்கணும். அன்னைக்கு அக்கா சீட்டும் எழுதல, நூலும் எடுக்கல. கண்ணாடியத் தொடச்சுட்டு நாளைக்குக் கட்டிக்கலாம்னு பைல போட்டாங்க. பைக்கும் தெரியும், மனசுக்கும் தெரியும், அது தொடைக்கறதுக்கு இல்லன்னு.

உள்ள பாதி டப்பா பவுடர் இருந்துச்சு. கடை பவுடரப் பூசினா சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிடும் அக்கா மூஞ்சி. இது லேசா செங்கல் நிறம். தோலோட தோலா ஒட்டிக்கிச்சு. மறுநாளே டிரைவருங்க, "என்னக்கா, பத்து வயசு எறங்கிருச்சு?"ன்னாங்க. அவ்வளவுதான், நாளுக்கொரு டப்பாங்கறதெல்லாம் போச்சு, தினமும் நீல டப்பாதான்.

புதன்கிழமை ஒரு தையல்காரம்மா வந்தாங்க. அளவெடுக்கற டேப்பு கழுத்துல தொங்கிட்டே இருந்துச்சு. "நீல டப்பாம்மா. மூடில வாத்து."

"அப்படி ஒண்ணும் வரலீங்க"ன்னு வாய் முந்திக்கிச்சு. அதோட விட்டாங்களா? "கை, காலு, தலை எல்லாத்தையும்..."னு பாட்டையும் பாடி அனுப்பினாங்க.

அடுத்த புதனும் வந்தாங்க. இந்தத் தடவை அக்கா மொகத்தையே பாத்துட்டு நின்னாங்க. "இந்த நிறம் உங்களுக்கு எடுப்பா இருக்குங்க. என் தங்கச்சியும் இப்படித்தான் கலப்பா. நாடகத்துல வேஷம் போட்டுவிடறவ. போன வருஷம் போயிட்டா. அந்த டப்பால இருக்கறது அவ கடைசியாக் கலந்தது. நான் பூசமாட்டேன், தெறந்து பாத்துட்டு மூடி வச்சிடுவேன். அதோட சத்தம் ப்ளிச்சுன்னு கேக்கும்."

அக்காவுக்குக் கன்னம் ரெண்டும் காந்துச்சு. அந்தம்மா அந்தப் பக்கம் போனதும் குழாயடிக்கு ஓடி, மொகத்தத் தேச்சுத் தேச்சுக் கழுவினாங்க. செங்கல் நிறத் தண்ணி சாக்கடைல ஓடறதப் பாத்தப்புறம்தான் உறைச்சுது: செத்துப்போனவ கைப்பொடியத்தான் வழிச்சு விட்டுட்டிருக்கோம். வீட்டுக்குப் போய்த் தெறந்தா, பவுடருக்கு நடுவுல தகரம் பல்லக் காட்டுது, காசளவுக்கு. கரண்டிய வச்சு அழுத்தி ஓட்டைய அடைக்கலாம். அக்காவுக்குக் கை வந்த வேலை. அடைக்கறதுக்கு அந்தப் பொடிக்கு எங்க போறது? டப்பாவக் குடுத்துடலாம், பூசினத எப்படிக் குடுக்கறது? உள்ளதச் சொன்னா வேலை போயிடும். அந்த வாரம் பூரா எந்த டப்பாவையும் தொடல.

மூணாவது புதன். நீல டப்பாவுக்குச் சீட்டு கட்டியாச்சு, பொய்யும் தயார்: அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு. தையல்காரம்மா டப்பாவ வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பொய்யக்கூடக் கேக்கல. தெறந்தாங்க. மொகம் சுருங்கிப் போச்சு.

"ஐயோ, யாரோ பூசிருக்காளே! எந்தக் கட்டைல போறவ பூசினாளோ! நீங்க நல்லவங்க, தேடிக் குடுத்தீங்க. நீங்களே சொல்லுங்க, அடுத்தவ பொருள எடுத்து மூஞ்சில அப்பிக்கறவ ஒரு மனுஷியா?"

பக்கத்து ஜன்னல் பொண்ணு வெவரம் தெரியாம மூக்கத் தூக்கிக்கிட்டு, "கை, காலு, தலை எல்லாத்தையும்..."னு ஆரம்பிச்சா. யாரும் சிரிக்கல. அக்கா எந்திரிச்சு, ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டாங்க.

"வாய மூடுடி, அந்தப் பாட்ட இனி நானே பாடறதா இல்ல. அம்மா, நீங்க டப்பாவ மறந்து விட்டுட்டுப் போனீங்க. நான் ஞாபகமா எடுத்துட்டுப் போனேன். அந்தக் கட்டைல போறவ நான்தாம்மா. திட்டறதுன்னா என் மூஞ்சியப் பாத்தே திட்டுங்க, இன்னைக்கு அதுல பவுடர் இல்ல!"