நான்காவது இலக்கம்

இன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் தன் உள்ளங்கையைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

அதில் எண் ஜோசியர் பேனாவால் எழுதிவிட்ட ஓர் எண். 527, பிறகு வியர்வையில் கரைந்த ஒரு நீலக் கறை, பிறகு 41836.

“ஆஸ்பத்திரி போற வரைக்கும் இத்தையே சொல்லிக்கினு போனா வூட்டுக்காரரு பொழைச்சுக்குவாருன்னாரும்மா. ஒண்ணு தப்புனாலும் பலிக்காதாம். எல்லாத்தையும் கூட்டிக்கினே போனா ஒம்போதுல வந்து நிக்கும்னாரு.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“வூட்டுக்கு இட்டுக்கினு போயிடச் சொல்லிட்டாங்க.”

என் கணவரையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

இந்த மூடத்தனத்தை நான் சகிப்பதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டேன். ஒன்பதால் வகுபடும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்குதான் வரும். தெரிந்த எட்டு இலக்கங்களின் கூட்டல் முப்பத்தாறு. அதுவே ஒன்பதின் மடங்கு. ஆகவே அழிந்தது பூஜ்யமாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். கணிதம் அதற்கு மேல் வாய் திறக்காது.

“ஒன்பது,” என்றேன், சந்தேகமே இல்லாத குரலில்.

“நல்லா இருப்பீங்கம்மா,” என்று கண்களை மூடிக்கொண்டாள். விழுப்புரம் வரை உதடுகள் நிற்கவில்லை.

ஊகத்தை விடை என்று நான் சொன்னது இதுவே முதல் முறை. பூஜ்யம்தான் சரி என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவின் கீழே எழுத வேண்டாம்.