சர்டிபிகேட்டும் ஒரு முழங்காலும்

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிரில் மாஸ்டராகப் போய்ச் சேர்ந்தேன். நான் தெற்கத்திக்காரன், கல்யாணம் ஆகாதவன், முன்கோபி. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே வாடகைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். எப்படியோ ஆற்றங்கரைப் பக்கம் ஓர் அறை கிடைத்தது. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில்தான் திறப்பேன். ஆசிரியர் அறையிலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. மற்றவர்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போனால் பேச்சு மழைக்கு மாறிவிடும்.

எனக்கென்று இருந்தது சாயங்காலம் மட்டும்தான். மணி அடித்ததும் கால்பந்து ஆடும் பையன்கள் மைதானத்துக்கு ஓடி வருவார்கள். அவர்களில் பாதிப் பேருடைய அப்பாக்களுக்குப் பீங்கான் சூளையில் வேலை. இருட்டத் தொடங்கியதும், "சார், நீங்க வூட்டுக்குப் போவலியா?" என்று அவர்களே கேட்பார்கள். போய் என்ன செய்ய என்று நான் சொன்னதில்லை.

ஒரு கோடை லீவில் மதராஸில் நடந்த கோச்சிங் கேம்ப்புக்குப் போய், பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்தேன். ஹெட்மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பந்த ஒதைக்கறதுக்கும் பரீட்சையா சார்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஜெயிப்பது எப்படி என்று சொல்லித் தருவார்கள் என்று நினைத்துத்தான் நானும் போயிருந்தேன். அங்கே பாதிப் பாடம் வளரும் பிள்ளையின் உடம்பைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்பதாக இருந்தது. ஒரு கண்டிப்பான டாக்டர் எங்களை ஒருவர் முட்டியை ஒருவர் அழுத்திப் பார்க்கச் சொல்லி உயிரை வாங்கினார்.

எங்கள் டீமில் கெட்டிக்காரன் ஒரு பதினோராம் வகுப்புப் பையன். அவன் பந்தோடு ஓடினால் நான் விசில் ஊத மறந்துபோவேன். அந்த வருடம் இறுதி ஆட்டம் திட்டக்குடிப் பையன்களோடு. ஊரில் இருந்த ஒரு பீங்கான் கம்பெனி சொந்தமாக டீம் வைத்திருந்தது. நன்றாக ஆடும் பையன் படிப்பை முடித்ததும் வேலை கொடுத்து டீமில் சேர்த்துக்கொள்வார்கள். ஆள் பார்க்க அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்போதெல்லாம் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்துவிடும், அவனுக்கு அதுதான் கடைசி வருடம். அந்த வேலையை நம்பித்தான் அந்தக் குடும்பமே இருந்தது.

ஆட்டத்தன்று காலை அவன் வெள்ளை முட்டியோடு வந்தான். அந்த ஊர்ப் பையன்களுக்கு அது வழக்கம். அடிபட்டால் அப்பா வேலை செய்யும் இடத்திலிருந்து குழைத்த பீங்கான் மண்ணைக் கொண்டுவரச் சொல்லிப் பூசிக்கொள்வார்கள். அது காய்ந்து தோலை இறுக்கிப் பிடிக்கும்போது வலி போய்விட்ட மாதிரி இருக்கும். வீக்கமும் வெளியே தெரியாது. வெள்ளைக் காலோடு ஆடுகிறவன்தான் வீரன்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். முட்டி வீங்கியிருந்தது.

"வலிக்குதாடா?"

"இல்லீங்க சார். மண்ணு பூசுனதும் போயிடுச்சு."

முட்டிச் சில்லை அழுத்தினேன். தண்ணீரில் போட்ட எலுமிச்சம்பழம் மாதிரி உள்ளே போய் மேலே வந்தது. உள்ளே நீர் கட்டியிருந்தது. "நீ இன்னைக்கு ஆடல. வெளிய உக்காரு" என்றேன். அவன் அழவில்லை, கெஞ்சவில்லை. கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்த மண்ணை எடுத்து மறுபடியும் முட்டியில் பூச ஆரம்பித்தான்.

மத்தியானம் அவன் அப்பா சூளையிலிருந்து அப்படியே வந்தார். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி.

"இந்த ஒரு ஆட்டம் வுடுங்க சார். அப்புறம் அவன் வருசம் பூரா படுத்துக் கெடந்தாலும் நான் பாத்துக்கறேன். வேல கெடச்சிடும்னு சொல்றாங்க."

"கால் போயிட்டா அந்த வேலை எப்படிங்க நிக்கும்?"

"கால் போயிடும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்" என்றேன். வாயை விட்டு வந்ததுமே அந்த வார்த்தை எனக்கே சப்பென்று இருந்தது.

தோற்றோம். கம்பெனிக்காரர்கள் திட்டக்குடிப் பையன் ஒருவனைப் பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்ததும் எங்கள் பையனின் அப்பா மைதானத்தைக் கடந்து என்னிடம் வந்தார்.

"ஒங்க சர்டிபிகேட்ட வச்சி எம் புள்ளைக்கு ஒரு வேல வாங்கிக் குடுங்க சார்."

சத்தமே போடாமல், மரியாதையாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்கு ஒருவனும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. சூளைகளுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் அவர்களாகவே ஆடினார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சத்தம் கேட்கும். நான் பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருப்பேன். பையன்கள் மேல் கோபம் வந்தது. அந்த டாக்டர் மேல் அதைவிடக் கோபம் வந்தது. முட்டியை அழுத்தச் சொல்லிக் கொடுத்தவர், மறுநாள் சாயங்காலத்தை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அவனை ஆட விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்றும் தோன்றும். காலை ஒடித்துக்கொண்டவனைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்கலாம். ஒடியாத காலை யாரிடம் காட்டுவது? பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் அந்தப் பையன்களோடு இருந்த மாதிரி எனக்கு யாரோடும் அமையவில்லை.

சில வருடங்கள் கழித்து, எனக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டுக் கிளம்பும்போது, ஜங்ஷனில் அந்த முட்டி வீங்கின பையனைப் பார்த்தேன். மீசை வைத்திருந்தான். தோளில் ஒரு மூட்டை. எதிர்ப் பிளாட்பாரத்தில் அவன் ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. மூட்டையோடு ஓடினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தேன். நொண்டவில்லை, இழுக்கவில்லை. பந்தோடு ஓடின அதே ஓட்டம். கம்பியைப் பிடித்துத் தாவி ஏறினான். வாசலில் நின்று திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டான். அடையாளம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் எவ்வளவு நன்றாக ஓடினான் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் புரியக்கூடிய ஒரே ஆள் அந்த ரயிலில் போய்க்கொண்டிருந்தான்.