கதிரை வெறுமையானால்

விரிவுரையாளராகச் சேர்ந்து சில வருடங்கள் வரை என் பதவிக்கு முன்னால் ‘தகுதிகாண்’ என்றொரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. கலியாணம் பேசிவிட்டு முடிவு சொல்லாமல் இழுத்தடிப்பது போல ஒரு சொல்.

பாடசாலை ஆசிரியையான என் மூத்த சகோதரி, நாங்கள் லாத்தா என்போம், அதை வைத்தே என்னைச் சீண்டுவார்.

“நாங்க அட்டாளைச்சேனைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, பின்னால ஒராள் குந்திக்கிட்டு இரிக்கப் படிப்பிச்சுக் காட்டித்தான் டீச்சராகின. நீங்க டிகிரியத் தூக்கிக்கிட்டு நேரா உள்ளுக்குப் போயிட்டீங்க.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. நான் படிப்பிப்பதே பல்கலைக்கழகச் சட்டங்களின் வரலாறுதான். நாற்பத்திரண்டாம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகத்தைத் தந்தது. அறுபத்தாறில் மேலே ஒரு சபையை வைத்தார்கள். எழுபத்திரண்டில் எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள், எழுபத்தெட்டில் மறுபடி பிரித்தார்கள். யாரை நியமிப்பது, யாரை விலக்குவது என்று பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, அந்த ஆளுக்குப் படிப்பிக்கத் தெரியுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி பிற்காலத்தில் சுற்றறிக்கையாக வந்தது. வந்த நேரம் பார்த்து நான் மாட்டிக்கொண்டேன். நிரந்தரமாக வேண்டுமென்றால் வெளியிலிருந்து வரும் பேராசிரியர் ஒருவர் முன்னால் படிப்பித்துக் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் வேலையே போகலாம்.

வந்தவர் தெற்கைச் சேர்ந்த சிங்களவர். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். என் பாடம் ஆங்கில மொழிமூலம் நடக்க வேண்டியது, ஆங்கிலத்திலேயே தொடங்கினேன். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பழைய சட்டங்களின் தோரணையில் ஆங்கில வாசகமொன்றைப் பலகையில் எழுதி, அதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். பெரியநீலாவணையிலிருந்து வரும் மாணவி எழுந்து சொன்னாள்:

“பல்கலைக்கழகம் கதிரைகள் போடலாம். கதிரை வெறுமையானால் பேரவை அதில் ஆளை இருத்த வேண்டும்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சட்டத்தின் ஆங்கிலத்தில் கதிரையைக் குறிக்கும் ‘செயார்’ என்ற சொல்லுக்குப் பேராசிரியர் பதவி என்று பொருள். எங்கள் ஊரில் கதிரை என்றால் உட்காருவதற்குத்தான்.

“என்னத்துக்குச் சிரிக்கிறீங்க? கதிரை எண்டுதானே எழுதியிருக்கு,” என்று அவள் முறைத்தாள்.

நான் ஆங்கிலத்திலேயே திருத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். மனம் கேட்கவில்லை. கதிரையை ஏன் பதவி என்கிறார்கள் என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

நிந்தவூர் மாணவன் ஒருவன் எழும்பினான். “பள்ளிவாசல்ல மிம்பர் மாதிரி மிஸ். அதுவும் பலகதான். ஆனா வெள்ளிக்கிழமை அதுல ஏறினவர்தான் கதைக்கலாம். மத்த ஆக்கள் வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கணும்.”

“அப்ப ஏறினவர் பிழையாக் கதைச்சா?” என்றாள் அவள். “இறக்கிறதுக்குச் சட்டம் இருக்கா?”

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் கதைக்கத் தொடங்கினார்கள். எந்தச் சட்டத்தில் ஆசிரியரை யார் விலக்கலாம், யார் விலக்க முடியாது என்று என்னைக் குடைந்தெடுத்தார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். நேரம் முடிந்த பிறகுதான் கடைசி வரிசை ஞாபகம் வந்தது. 

தேநீர் குடிக்கும்போது, எதற்குச் சிரித்தார்கள் என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். கதிரையைச் சிங்களத்தில் ‘புட்டுவ’ என்போம், அங்கேயும் இதே வில்லங்கம்தான் என்று அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உங்களை நிரந்தரமாக்கச் சொல்லப்போகிறேன். ஆனால் மொழிமூல விதியை இனி மீற வேண்டாம்,” என்றார். அந்த நேரத்தில் அவர் எதைச் சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

அல்ஹம்துலில்லாஹ், அவர் சொன்னபடியே நிரந்தரமானேன். உம்மா நெய்ச்சோறு ஆக்கினார். லாத்தாவுக்கு இரண்டு தடவை அள்ளிப்போட்டு வாயை அடைத்தேன்.

அடுத்த வகுப்பில் பின்னால் யாரும் இல்லை. நல்ல பிள்ளையாக ஆங்கிலத்தில் தொடங்கினேன். தலைகள் பழையபடி குனிந்தன. பெரியநீலாவணைக்காரி கையை உயர்த்தினாள்.

“மிஸ், அண்டைக்கு அந்தப் புரொபெசர் இருக்கக்குள்ளயே தமிழ்ல கதைச்சீங்க. வேலை போயிருக்கும். இண்டைக்கு ஆரும் உங்களை ஒண்டும் செய்ய ஏலாது. இப்ப என்னத்துக்குப் பயம்?”

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஏதாவது சூடாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சொன்னதிலும் பொய்யில்லை. பலகையில் எழுதியதை அழித்துவிட்டுத் தமிழில் தொடங்கினேன்.