ஸ்டெல்லா அக்காவின் பை

காயப்போட்ட மிளகின் காரம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது... பங்குனி மாதக் கொல்லிமலை என்றால் எனக்கு அந்த வாசனைதான்.

ராசிபுரத்திலிருந்து போய் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கே நர்ஸாக இருந்த ஸ்டெல்லா அக்காவுக்குப் பறவைப் பைத்தியம். குளிருக்கு வந்து தங்கும் அரசவால் ஈப்பிடிப்பான், வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பிவிடும். வெள்ளை ரிப்பன் மாதிரி நீள வால். அதைப் பார்த்து வழியனுப்பாவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் என்னையும் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார்.

அக்காவுக்கு ஒரு தேனீ கொட்டினாலே தொண்டை வீங்கி மூச்சடைத்துவிடும். அதற்கான ஊசி எப்போதும் கைப்பையில் இருக்கும். அன்று அந்தப் பையைப் பாறைமேல் வைத்துவிட்டு, பறவையைத் தேடிக் கொஞ்சம் தள்ளி வந்துவிட்டோம்.

எங்கிருந்தோ ஒரு தேன்பருந்து வந்தது. அக்கா வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாறைக்கு மேலே மரத்தில் தொங்கிய தேனடையில் பாய்ந்து, ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

மலைத்தேனீக்களின் கோபம் மொத்தமும் கீழே இறங்கியது. பை இருந்த பாறையே தெரியவில்லை... லாரி உறுமுவது போலச் சத்தம்.

பையை எடுக்க ஓடப்போனேன். அக்கா கையைப் பிடித்து இழுத்தார்.

"போவாத கண்ணு. நீ ஓடுனா அத்தனையும் பின்னாலயே வரும். படு."

என் துப்பட்டாவை அவர்மேல் போர்த்தி, மேலே நானும் கவிழ்ந்து படுத்தேன். கழுத்தில் கொட்டியது. காதில் கொட்டியது. உயிர் போகிற வலி. ஆனால் என் கவனமெல்லாம் துப்பட்டாவுக்குள் அக்கா விடும் மூச்சில்தான் இருந்தது. எட்டுக்கை அம்மனையும் மாதாவையும் சேர்த்தே கூப்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, துணி இடுக்கிலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"கண்ணு... வந்துருச்சு. வாலப் பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தலையைத் தூக்கவில்லை.

சத்தம் அடங்கி எழுந்தபோது அக்கா உடம்பில் ஒரு கொட்டு இல்லை. என் கழுத்திலிருந்து கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே, "இப்படிக் கெடந்தியே சாமி" என்று அழுதார். நானும் அழுதேன்.

இப்போது அக்கா ரிடையராகி நாமக்கல்லில் இருக்கிறார். பங்குனி பிறந்தால் போன் வந்துவிடும். மலையடிவாரக் காரவள்ளி போய், வளைவு வளைவாக ஏறி, அதே ஓடைக்குப் போவோம். அன்று நாங்கள் இருவர் மட்டும் இருந்த இடத்தில் இன்று பெரிய பெரிய கேமராக்களோடு ஒரு கூட்டமே நிற்கிறது.

பறவை வந்ததும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அக்காவும்தான்.

நான் அக்காவின் தோளைப் பார்ப்பேன்... பை இருக்கிறதா என்று.

இத்தனை வருடத்தில் அந்த வெள்ளை வாலை நான் ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை.