தண்ணீர் மேல் குடித்தனம்

சாந்தாமணிக்கு நீச்சல் தெரியாது. படகில் குடியேறலாம் என்று கணவர் சேனாபதி சொன்னபோது அவர் எழுப்பிய முதல் ஆட்சேபணை அதுதான்.

"எனக்கும்தான் தெரியாது" என்றார் சேனாபதி, ஏதோ அதுவே ஒரு தகுதி என்பதுபோல.

அது 1996-ஆம் வருஷம். மகள் பிரீத்தி கல்லூரிப் படிப்புக்காக டெக்ஸாஸ் போய்விட்டாள். லிவர்மோர் வீட்டில் நாலு படுக்கையறைகளும் இரண்டு பேரும் மிச்சம். சாந்தாமணி உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தார், சேனாபதி கம்ப்யூட்டர்காரர். இருவருக்கும் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். அமெரிக்கா வந்து எத்தனையோ வருஷமாகியும் சாந்தாமணியின் பேச்சிலிருந்து "ஏனுங்க" போகவில்லை.

லிவர்மோரிலிருந்து மலைகளைத் தாண்டி வடக்கே போனால் நிலம் சட்டென்று தட்டையாகிவிடும். சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் என்ற இரண்டு ஆறுகள் அங்கே ஒன்றையொன்று தேடுவதுபோலக் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, கோரைக்காட்டுக்குள் சுற்றிச் சுற்றிக் கடலுக்குப் போகின்றன. அந்த டெல்டாவில் ஒரு படகுத்துறையில் கட்டிக்கிடந்த பழைய ஹவுஸ்போட்டைச் சேனாபதி பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை.

"ஒரே ஒரு வருஷம், சாந்தா. பிடிக்கலேன்னா வித்துப்போட்டு வீட்டுக்கே வந்துரலாம்."

"வீட்டை வாடகைக்கு விட்டுப்போட்டுத் தண்ணி மேல குடித்தனமுங்களா? கேக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

சிரிக்கத்தான் செய்தார்கள். லிவர்மோர் கோவிலில் பிரசாதம் வாங்கும் வரிசையில்கூட யாராவது ஒருவர் திரும்பி, "ஆன்ட்டி, போட் எப்படிப் போகுது? ஹைவேல வர முடியுமா?" என்று கேட்டார்கள்.

படகு என்றால் நீளமான ஒரு அறை. முன்பக்கம் ஸ்டியரிங், அதை ஒட்டிச் சமையல் மேடை, நடுவில் மடித்தால் கட்டிலாகும் மேஜை, பின்னால் ஒரு படுக்கை. கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் கிட்டத்தட்டத் தொட்டுவிடலாம். குடிபுகுந்த முதல் வாரக் கடைசியில் சேனாபதி உற்சாகமாகப் படகை ஒரு கிளைக்கால்வாய்க்குள் ஓட்டிப்போய், கரையோரத்து மரத்தில் இறுக்கிக் கட்டினார். விடிந்தபோது பாத்திரங்கள் அலமாரியிலிருந்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தன. கடலின் ஏற்ற இறக்கம் அத்தனை தூரம் உள்ளே வந்தும் தண்ணீரை ஏற்றி இறக்கும் என்பது இருவருக்கும் தெரியாது. தண்ணீர் இறங்கிவிட்டது, இறங்க இடமில்லாத படகு ஒரு பக்கமாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கயித்துக்கு மூச்சுவிட இடம் வேணுமுங்க" என்றார் சாந்தாமணி, தரையில் உருண்ட துவரம்பருப்பைக் கூட்டி அள்ளியபடி. அதற்குப் பிறகு கயிறு கட்டும் வேலையை அவர் யாரிடமும் விடவில்லை.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. தொட்டித் தண்ணீர் தீர்ந்தால் குளிக்கும்போதுதான் தீரும் என்பதால் சொம்பில் மொண்டு குளிப்பதே உத்தமம். பாத்திரத்தைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிட்டால் பாதித் தண்ணீர் போதும். தாளிக்கும்போது முன்கதவையும் பின்கதவையும் சேர்த்துத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கடுகு வெடிக்கும் முன் புகை அலாரம் வெடிக்கும். குளிர்காலத்தில் நம் மூச்சே கூரையில் படிந்து தலையணையில் சொட்டும். சொட்டாமலிருக்க எவ்வளவு குளிரடித்தாலும் ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வைக்க வேண்டும். கழிவுத்தொட்டியை நிரம்புவதற்கு முன்பே காலி செய்துவிட வேண்டும். இதைச் சேனாபதி ஒரு தடவை மறந்தார், ஒரே ஒரு தடவைதான்.

இவற்றை எல்லாம் சாந்தாமணி முணுமுணுப்போடுதான் கற்றார். ஆனால் காலையில் கண்விழித்தால் கூரை முழுவதும் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருக்கும். படுக்கை லேசாக மூச்சு வாங்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாம்பல் நாரை ஒற்றைக்காலில் நின்று, எழுந்தாயிற்றா என்பதுபோலப் பார்க்கும். டீயை ஆற்றிக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருப்பார். கால்வாயில் ஒரு இலை கடலை நோக்கிப் போகும். அவர் குடித்து முடிப்பதற்குள் கடல் ஏற்றமான ஓதம் திரும்பி, அதே இலை திரும்பி வரும். லேபில் வேலை செய்யும்போதுகூடச் சில நேரம் காலடியில் தரை மெல்ல அசைவதுபோலத் தோன்றும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் என்றது இரண்டானது. 1998-இல் சேனாபதிக்கு டாலஸில் ஒரு ஒய்-டூ-கே வேலை வந்தது. இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்திருந்த நேரம்; ஒரு வருஷத்துக்காவது அங்கேயே இருந்தாக வேண்டும்.

"நீ எதுக்குத் தனியா இங்க கஷ்டப்படோணும்? போட்டை வித்துரலாம். லிவர்மோர் பக்கத்துலயே டப்ளின்ல ஒரு அபார்ட்மென்ட் பாத்துக்கலாம்" என்றார்.

சாந்தாமணி டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தார். பிறகு, "நா இங்கயே இருந்துக்கறனுங்க" என்றார்.

"இங்கயேன்னா?"

"இந்தப் படகுலதான்."

சேனாபதி அவரை உற்றுப் பார்த்தார். தன் ஆசைக்காக இழுத்துவந்த மனைவி என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். போனில் செய்தி கேட்ட பிரீத்தி, "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தாள்.

நவம்பரில் படகுத்துறைக்காரர்கள், மரப்பலகைகளை மாற்றப்போகிறோம், எல்லாரும் படகை வேறு துறைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொன்னார்கள். இடம் கிடைத்தது தெற்கே, கால்வாய்களின் வழியாகப் பாதி நாள் பயணத்தில். டாலஸிலிருந்து சேனாபதி, "யாரையாவது ஹயர் பண்ணி ஓட்டச் சொல்லு" என்றார். சாந்தாமணி சரி என்றார். சொல்லிவிட்டுத் தானே ஓட்டுவதென்று முடிவு செய்தார். சேனாபதி பக்கத்தில் நின்று பதற, அவர் பலதடவை ஓட்டியிருந்தார். பதறுவதற்கு ஆள் இல்லாமல் ஓட்டிப்பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை.

துணைக்கு டப்ளினிலிருந்து தோழி விசாலாக்ஷி வந்தார். மயிலாப்பூரில் வளர்ந்தவர், ஒரு அலுவலகத்தில் அக்கவுன்டன்ட். பட்டுப்புடவையும் மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுமாக ஏறியவரைப் பார்த்துச் சாந்தாமணி வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்காதே. அப்படியே டெம்பிள் போகலாம்னு கட்டிண்டு வந்தேன்" என்றார் விசாலாக்ஷி. "ஆமா, இதுல பிரேக் எங்க இருக்கு?"

"பிரேக்கே இல்லீங்க."

முதல் ஒரு மணி நேரம் வெயில். அப்புறம் கோரைக்குள்ளிருந்து பனி கிளம்பியது. முதலில் தண்ணீர்மேல் ஒரு மெல்லிய துணி, பிறகு கரைகள் போயின, மரங்கள் போயின, கடைசியில் படகின் முனையில் கட்டியிருந்த கொடியே போய்விட்டது. சாந்தாமணி வேகத்தைக் குறைத்து, சற்றைக்கொரு தரம் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தார். கொஞ்ச தூரத்தில் இன்ஜின் ஒருமாதிரி முனகி நின்றது. பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். மொத்தமும் ஆகாயத்தாமரை. கயிறு திரித்ததுபோல, படகைத் தள்ளும் விசிறியைச் சுற்றியிருந்தது.

"இப்ப என்ன பண்றது?" விசாலாக்ஷி லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டார்.

"நங்கூரம் போட்டர்லாமுங்க. தெரியாத இடத்துல தெரியாத பக்கம் போகக்கூடாது."

நங்கூரம் இறங்கியது. ஹாரன் அடித்தே பேட்டரி களைத்திருந்தது. அதை மிச்சப்படுத்த வேண்டும். நிற்கும் படகு பனியில் மணி அடித்துத் தான் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று சாந்தாமணிக்குத் தெரியும். படகில் இருந்த ஒரே மணி பூஜை மணி. விசாலாக்ஷி முன்கதவருகே மோடாவைப் போட்டு உட்கார்ந்து அதை ஆட்டினார். வெண்மைக்குள் அந்தச் சின்ன ஒலி எங்கோ போய்க் கரைந்தது.

அடுப்பில் ரவை வறுபட்டது. தண்ணீர் இறங்க இறங்கப் படகு ஒரு பெருமூச்சோடு சேற்றில் உட்கார்ந்து, ஒரு துளி சாய்ந்தது. அதற்குப் பிறகு அசைவே இல்லை. பூமியில் மிச்சமிருப்பது இந்த அறையும் உப்புமா வாசனையும் மட்டும்தான் என்பதுபோல இருந்தது. பயம் எந்த நேரத்தில் போனதென்று இருவருக்குமே தெரியவில்லை. தலைக்குமேல் அன்னங்கள் போயின. ஒன்றும் தெரியவில்லை, இறக்கைகளின் சத்தம் மட்டும், யாரோ ஈரத்துணிகளை வரிசையாக உதறிக்கொண்டு போவதுபோல.

"சாந்தா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் விசாலாக்ஷி. "நான் இந்த மாதிரி சும்மா உக்காந்து இருபது வருஷம் இருக்கும். எங்காத்துல உக்காந்தா ஏதாவது வீட்டு வேலை ஞாபகம் வந்து எழுந்துடுவேன். இங்க எங்க எழுந்து போறது?"

"மணி அடிக்க மறந்துட்டீங்க."

விசாலாக்ஷி அவசரமாக அடித்தார். இந்தத் தடவை பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. ஒரு சின்ன மோட்டாரின் சத்தம், பிறகு ஒரு ஆணின் குரல்: "ஹலோ! ஐஸ்கிரீம் வண்டியா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விசாலாக்ஷி எழுந்து நின்று, ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னார்: "இல்லை! உப்புமாதான் இருக்கிறது!"

மீன்பிடிக்க வந்தவராக இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார். முகம் தெரியாமலே வந்து முகம் தெரியாமலே போனார். அவர் கிளப்பிய சின்ன அலை மட்டும் வந்து படகின் வயிற்றைத் தட்டியது.

பின்மத்தியானம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சாந்தாமணி இன்ஜின் சாவியை எடுத்துப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பக் கட்டையின் நுனியில் ரொட்டிக்கத்தியை இறுகக் கட்டினார். பின்தளத்தில் குப்புறப் படுத்து, விசாலாக்ஷி கால்களைப் பிடித்துக்கொள்ள, கைக்கு எட்டிய வரை கொடியை அறுத்து அறுத்து இழுத்தார். பனி மேலிருந்து கலைய ஆரம்பித்திருந்தது. முதலில் ஒரு மரத்தின் உச்சி தெரிந்தது, அப்புறம் அதன் உடம்பு. படகு சேற்றை விட்டு மெதுவாக எழுந்து மிதந்தபோது சாந்தாமணிக்குக் கண்ணில் நீர் வந்தது. ஏனென்று அவருக்கே விளங்கவில்லை. சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

இருட்டும் முன் புதிய துறையை அடைந்தார்கள். அன்று கோவிலுக்குப் போக முடியவில்லை.

சேனாபதி 2000 பிப்ரவரியில் திரும்பினார். கம்ப்யூட்டர்கள் குழம்பவில்லை; அவருக்குத்தான் முதுகு வலி வந்திருந்தது. வாடகைக்காரர்கள் காலி செய்திருந்ததால் லிவர்மோர் வீட்டில் சாமான்களை இறக்கினார். "போதும் சாந்தா. ஆடினவரைக்கும் ஆடியாச்சு. இனி வீடு."

சாந்தாமணி மறுக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் இருந்தார். அறைகளுக்கு நடுவே நடந்து நடந்து கால் வலித்தது. படுத்தால் கட்டில் கல்லாகக் கிடந்தது. வார முடிவில் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்:

"நீங்க வீட்டுல இருங்க. நா படகுல இருக்கேன். சனி ஞாயிறு ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வந்துக்கலாமுங்க."

"ஊரு என்ன பேசும்?"

"நாம போட்டுக்குப் போனப்பவே எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டாங்க."

சேனாபதிக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் போன் செய்யவில்லை. மூன்றாவது சனிக்கிழமை படகுத்துறைக்கு வந்தார், கையில் பெட்டி இல்லாமல். சாந்தாமணி எதுவும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சேனாபதி கை நீட்டினார். பிறகு அவரே கையை இழுத்துக்கொண்டு முன்தளத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கால்வாயின் வளைவுகளில் மனைவி படகைத் திருப்புவதைக் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அகலமான நீர்ப்பரப்பை அடைந்ததும் சாந்தாமணி இன்ஜினை நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. ஓதம் தன் பாட்டுக்குப் படகை எடுத்துப் போனது.

"நாம எந்தப் பக்கம் போயிட்டு இருக்கோம்?" என்று கேட்டார் சேனாபதி.

"மேக்கால. கொஞ்ச நேரத்துல அதுவே திருப்பிக் கொண்டாந்து உட்ரும்."

அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. 2001-இலும் அப்படித்தான்: வாரநாட்களில் லேப் முடிந்து சாந்தாமணி படகுக்குப் போவார், வெள்ளிக்கிழமை மாலை சேனாபதி ரசத்தை ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு மலையைத் தாண்டி வருவார். வீட்டில் தனியாக இருந்து அவர் நன்றாகச் சமைக்கப் பழகியிருந்தார். சில வெள்ளிக்கிழமைகளில் விசாலாக்ஷியும் வருவார், இப்போது சுடிதாரில். மூவரும் முன்தளத்தில் உட்கார்ந்து, கோரைக்குள் கறுப்புச் சிறகுப் பறவைகள் கூட்டமாக இறங்கி அடைவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரசம் இன்னும் சூடாகவே இருக்கும்.